நாலு அடிக்கு அரை அங்குலம்

மேஜையைப் பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உள்ளே வந்ததும் மனுஷர்களைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் நேரே மேஜையிடம் போனார். சிதம்பரம் அண்ணாமலை நகரில் முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு டிராயிங் டியூஷன் எடுக்கிறவர். பழைய டிராயிங் டேபிள் எங்கே இருந்தாலும் வாங்கிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். கூப்பிட்டவளே நான் என்பதால் முகத்தைச் சுளிக்கவும் முடியவில்லை.

கடலூரில் மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்தில் வீடு. வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கோர்ட்டும் ஆபீஸ்களும் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால் கோர்ட் வேலைகளும் வரும். சுவர்த் தகராறு, வழித் தகராறு என்று வழக்கு வந்தால் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலைக் கோர்ட் நியமிக்கும். அவரைக் கமிஷனர் என்பார்கள். அவருக்கு அளந்து படம் போட்டுக் கொடுக்கிற ஆள் நான். இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தான். டிராயிங் டேபிள் முன் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, இஸ்திரி போடாத துணிகளைச் சுமந்துகொண்டு நின்றது. கொடுத்துவிடலாம் என்று கணவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசே இல்லை. ஏனென்றால் அது நான் பொறுக்கி எடுத்த மேஜை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டட ஆபீஸைக் காலி செய்தபோது ஐந்து மேஜைகளை வராண்டாவில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் காலை ஆட்டிப் பார்த்து, மேலே தட்டிப் பார்த்து விலை கேட்டார்கள். நான் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சோதித்தேன். டி-ஸ்கொயர் என்கிற, தலையில் குறுக்குக் கட்டை வைத்த நீள ஸ்கேலை விளிம்பில் ஒட்டி வைத்துத்தான் கோடு இழுப்போம்; விளிம்பு கோணினால் கோடும் கோணும். இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். பலகை நாலு அடி நீளம், மூன்று அடி அகலம். அப்படியானால் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் சரியாக ஐந்து அடி வரவேண்டும். நாலு மேஜைகள் வரவில்லை. ஐந்தாவது மயிரிழை பிசகாமல் வந்தது. பார்க்க அதுதான் ரொம்ப அசிங்கமாக இருந்தது. மேலெல்லாம் இங்க் கறை, பிளேடு கீறல். விற்றவர், “நல்லா இருக்கறதெல்லாம் உட்டுட்டு இத எடுக்கிறியேம்மா” என்று சிரித்தார். எனக்கு அன்றைக்கு அத்தனை கர்வம்.

டியூஷன் சார் துணிகளை நாற்காலிக்கு மாற்றிவிட்டு டேப்பை எடுத்தார். மூலைக்கு மூலை வைத்தார். அடுத்த மூலைக்கு மாற்றினார். திரும்ப முதல் மூலைக்கு வந்தார்.

“ரெண்டு குறுக்களவும் ஒத்து வரல மேடம். கால் இஞ்சுக்கு மேல வித்தியாசம் காட்டுது.”

“டேப்ப ஒழுங்கா புடிங்க சார்” என்றேன்.

“நான் ஒழுங்காதான் புடிச்சிருக்கேன்.”

“இது நான் சோதிச்சு வாங்குன டேபிள். ரெண்டு குறுக்கும் சரியா அஞ்சு அடி.”

“அஞ்சு அடியே இல்லியே மேடம். பலகையில அடிப்பக்கம் ஒரு இஞ்சு கொறையுது பாருங்க.”

அவர் பேரம் பேச ஏதோ சாக்குத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் இரும்பு டேப்பை எடுத்து வந்து அவரை நகரச் சொல்லி நானே அளந்தேன். இடது ஓரம் முப்பத்தைந்து அங்குலம். வலது ஓரம் முப்பத்து நாலரை. மறுபடி அளந்தேன். முப்பத்து நாலரை. கீழ் விளிம்பு நாலு அடிக்கு அரை அங்குலம் சாய்ந்திருந்தது.

உள்ளே எட்டிக் கணவரைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நேரம் நினைவு வந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் முன்னால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அடி விளிம்பு ஊறி உப்பிப் போனது. திருப்பாப்புலியூரில் அவருக்குத் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனார். “ஒரு இஞ்சு அறுத்து எடுத்தா போதும்னு சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பியது நான். ஜாஸ்தி உப்பியிருந்த பக்கம் ஆசாரி ஒன்றரை எடுத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜைக்கு அது ஒரு தப்பே இல்லை. திரும்பி வந்த பலகையை நான் துடைத்து மாட்டினேன். அளக்கவில்லை. வாங்குகிற அன்றைக்கு அரை நாள் அளந்தவள் அதன் பிறகு ஒரு தடவைகூட அளக்கவில்லை.

“பரவால்ல மேடம்” என்றார் டியூஷன் சார். “இடது ஓரம் நேராதான் இருக்கு. டி-ஸ்கொயர இடப்பக்கம் வெச்சுதான வரையப் போறாங்க. கீழ் வெளிம்புல எவன் வெக்கப் போறான். பாதி வெலைக்கு எடுத்துக்கறேன்.”

கீழ் விளிம்பில் எவன் வைக்கப் போகிறான் என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். நான் வைத்திருந்தேன். போன மாதம்.

புயல் வந்து போன வாரம் அது. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கமிஷனர் வக்கீல் போன் செய்து, சிதம்பரத்துச் சந்து வழக்குக்குப் படம் உடனே வேண்டும், கோர்ட்டில் தேதி நெருங்கிவிட்டது என்றார். கம்ப்யூட்டரைத் தொட முடியாது. கையிலேயே போட்டுத் தருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். துணியை எல்லாம் கட்டிலில் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் மேஜையைத் திருப்பி உட்கார்ந்தேன்.

வழக்கு சின்னது. இரண்டு வீடுகளுக்கு நடுவில் மூன்று அடிப் பொதுச் சந்து. சந்துக்கு வலப்பக்க வீட்டில் ஒரு தையல்கார அம்மா. அவர் கட்டிய சுவர் உள்ளே போகப் போகச் சந்தைக் குறுக்கிவிட்டது, பின்பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை என்று இடப்பக்க வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். அந்தச் சுவரின் மேல்தான் மாடிப்படி ஏறுகிறது. மாடியில் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தையல் மிஷினும் அந்த வாடகையும்தான் வருமானம்.

அளக்கப் போன அன்று சந்தின் முன்பக்கம் சரியாக மூன்று அடி இருந்தது. அறுபது அடி உள்ளே பின்பக்கம் முழங்கால் தண்ணீர், மிதக்கிற கிளைகள். பாம்பு இருக்கும் என்றார்கள். பயந்துகொண்டு நான் இறங்கவில்லை. வாதி வீட்டுச் சுவர் ஒரே நேராக இல்லாமல் ஒடிந்து ஒடிந்து போகிறது. அதை அவர் வீட்டு உள்பக்கமாகவே துண்டு துண்டாக அளந்துகொண்டேன். தையல் வீட்டுச் சுவர் புதுச் சுவர். முன் மூலையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், தெருவுக்குச் செங்குத்தாக இருந்தது. கடைசி வரை நேராகத்தான் ஓடியது. இது போதும், பின்பக்கத்து இடைவெளியைப் படத்தில் ஸ்கேல் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அளக்காத இடத்தைப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அந்த ஒன்றை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

வாதி சுவரை, இடது விளிம்பில் பிடித்த டி-ஸ்கொயர் மேல் முக்கோணச் செட்ஸ்கொயரை வைத்துத் துண்டு துண்டாக வரைந்தேன். அது சரியாகத்தான் வந்திருக்கும். தையல் வீட்டுச் சுவர் ஒரே நீளக் கோடு. செட்ஸ்கொயர் எட்டவில்லை. அப்படி எட்டாதபோது கோட்டை இரண்டாக ஒட்டிப் போடவேண்டும், அது தொல்லை. அவசரக்காரர்கள் டி-ஸ்கொயரை எடுத்துக் கீழ் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள். நானும் இழுத்தேன். பிறகு பின்பக்கம் ஸ்கேல் வைத்தேன். மூன்று அடிக்கு ஏழரை அங்குலம் குறைந்தது.

சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழக்கு மனுவைப் படித்துவிட்டு வரைய உட்கார்ந்தவள் நான். மனுவில் சந்து குறுகுகிறது என்று எழுதியிருந்தது. படத்திலும் குறுகியது. பார்த்தாயா, கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

நாலு அடிக்கு அரை அங்குலம் என்றால் அறுபது அடிக்கு எவ்வளவு? டியூஷன் சார் முன்னால் நின்றபடியே மனசுக்குள் கணக்குப் போட்டேன். பதினைந்து அரை. ஏழரை.

“என்ன மேடம், குடுக்கிறீங்களா இல்லியா?”

“இப்ப இல்ல சார். நீங்க போங்க” என்றேன். அவர் முறைத்துக்கொண்டே செருப்பைப் போட்டார். சிதம்பரத்திலிருந்து வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கமிஷனர் வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் சந்தோஷமாகத்தான் பேசினார். “அந்தக் கேஸுதானே? அது முடிஞ்ச மாதிரிதான் மேடம். உங்க படத்தப் பாத்துட்டு அந்தம்மா சண்டையே போடல. நானே இடிச்சி உள்ள தள்ளிக் கட்டிக்கறேன்னு ஒத்துக்கிச்சி. இன்னைக்கு காலையில ஆள் உடறேன்னு சொல்லிச்சே.”

“சார், படம் தப்பு.”

அவர் குரலைத் தாழ்த்தி, “என்னா தப்பு?” என்றார்.

சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. “மேடம், நீங்க இப்ப எங்கயும் போவாதீங்க. அந்தப் படத்துக்குக் கீழ நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். திங்கக்கெழம வாங்க, பேசிட்டு ஒரு மெமோ போடுவோம். சுவரு நெஜமாவே உள்ள வந்திருந்தாலும் வந்திருக்கும். நீங்கதான் பின்னால அளக்கவே இல்லியே.”

“அதான் சார் பயமா இருக்கு. நான் அளக்கவே இல்ல.”

“நீங்க போய் அங்க எதையாச்சும் சொல்லிட்டா, அப்பறம் கோர்ட்டுல உங்கள யாரும் கூப்புட மாட்டாங்க. யோசிச்சிக்கிங்க.”

யோசித்தேன். பொய் சொல்வானேன், ஒரு ஐந்து நிமிஷம் நன்றாகவே யோசித்தேன். பதினைந்து வருஷமாகச் சேர்த்த பெயர். திங்கட்கிழமை என்பது இரண்டு நாள்தான். ஒருவேளை ஆள் வராமலே இருக்கலாம். ஒருவேளை சுவர் நிஜமாகவே வளைந்திருக்கலாம். அந்த ஒருவேளையில் எனக்கு ஆசை வந்தது; ஒரு மனுஷியின் சுவர் கோணலாக இருக்கவேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். அப்புறம் எனக்கே என்மேல் அருவருப்பு வந்து எழுந்தேன்.

கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போது, “நானும்தான் பாத்திருக்கணும், அறுத்து வாங்குனப்ப” என்றார். “நீங்களா அதுல படம் போட்டீங்க?” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

சிதம்பரம் பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றினார்கள். ஆலப்பாக்கத்தில் கண்டக்டர் இறங்கி யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். தையல் அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. நம்பர் கேட்டு வக்கீலுக்கு மெசேஜ் போட்டேன்; அவர் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. மடியில் பை, பைக்குள் நூறு அடி டேப்பு. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் பஸ் ஊர்ந்தது. கண்ணை மூடினால் கடப்பாரை ஓங்குவதுதான் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து அந்தத் தெருவில் இறங்கியபோதே சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம்.

மாடிப்படியின் பக்கச் சுவர் போயிருந்தது. மேலே மூன்று படிகளை உடைத்துக் கீழே குவித்திருந்தார்கள். இரண்டு ஆட்கள் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தார்கள். மாடிப் பிள்ளைகளின் பெட்டியும் பக்கெட்டும் வாசலில் இருந்தன.

“நிறுத்துங்க” என்று கத்தினேன். “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க.”

தையல் அம்மா உள்ளேயிருந்து வந்தார். கழுத்தில் இன்ச் டேப்பு தொங்கியது. என்னைக் கண்டதும் முகம் இறுகியது. “என்னாம்மா, இன்னும் ஜாஸ்தி இடிக்கணுமா?” என்றார்.

“இல்லம்மா. நான் ஒரு தடவ அளக்கணும். பின்னால.”

“அன்னைக்கே அளந்திருக்கலாமே.”

சந்தில் இறங்கி நடந்தேன். தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. அறுபது அடியையும் டேப்பு பிடித்துக்கொண்டு போய், கடைசி மூலையில் குனிந்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் வைத்தேன். மூன்று அடி. மயிரிழைகூடக் குறையவில்லை. வண்டி போகாததற்குக் காரணமும் அங்கேயே கிடந்தது. வாதி வீட்டுத் துணி துவைக்கிற பழைய கல், சந்துக்குள் பாதி நீட்டிக்கொண்டு. தண்ணீருக்குள் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

அங்கேயே சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து அந்த அம்மாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மழையில் ஊறிய பலகை, அறுத்த விளிம்பு, நான் இழுத்த கோடு, இறங்காத சந்து, எல்லாம். “உங்க சுவர் சரியாதான் இருக்கு. தப்பு என் படத்துல. நான் கோர்ட்டுல எழுதிக் குடுக்கறேன். படிய நான் கட்டிக் குடுக்கறேன்” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“நானும் அளந்தேம்மா” என்றார். “உங்க படம் வந்த அன்னைக்கே தண்ணியில எறங்கி அளந்தேன். மூணு அடி வந்துது. பழைய டேப்பு, இழுத்துப் போயிருக்கும்னு நெனச்சேன். கடைக்குப் போயி புதுசு வாங்கியாந்தேன். அதுவும் மூணு அடிதான் காட்டிச்சி.”

“அப்பறம் ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?”

“கோர்ட்டுல குடுத்த படம். படிச்சவுங்க போட்டது. எனக்குத்தான் அளக்கத் தெரியலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

இருபது வருஷமாக ஊராரின் உடம்பை அளந்து துணி வெட்டுகிறவர் அப்படிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வேலை ஆட்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவர் என்னைச் சமாதானம் எதுவும் செய்யவில்லை. ஆட்களைப் பார்த்து, “எறங்கி வாங்கண்ணே, டீ சாப்புடுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்த டேபிள்ல என் வீடு மட்டுந்தான் போட்டீங்களா?”

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த படச் சுருள்களை எல்லாம் இறக்கினேன். பலகையை அறுத்த பிறகு, கரண்ட் இல்லாத நாட்களில் கையால் போட்டவை ஐந்து. சிதம்பரத்துச் சந்தைத் தவிர நாலு. அதில் மூன்றில் கோடுகள் சின்னவை, செட்ஸ்கொயர் எட்டியிருக்கும். நாலாவது திருவந்திபுரத்தில் ஒரு பாகப்பிரிவினைப் படம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மனையை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கிற ஒரே கோடு. நீளமான கோடு. அந்தப் படத்தைச் சீக்கிரம் வேண்டும் என்று கேட்டார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கோட்டை எந்த விளிம்பிலிருந்து இழுத்தேன் என்பது நினைவில்லை.

மறுநாள் காலை போனேன். அண்ணன்காரர் வாசலில் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்கம்மா, வாங்க. காப்பி சாப்புடுங்க” என்று நாற்காலி போட்டார். அவருக்குப் பின்னால், மனையின் நடுவே, புதிதாய் வெள்ளை அடித்த ஆள் உயரச் சுவர் கடைசி வரை ஓடியது.

“நீங்க குடுத்த படத்த வெச்சே கட்டிட்டோம். தம்பி ஒரு பேச்சு பேசல பாருங்க” என்றார்.

நான் உட்காரவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் நீட்டினேன்.